கொடைக்கானலில் காட்டேஜ் விடுபவர்களுக்கு: வருமான வரியில் எந்தச் செலவு கழியும்?

ஏப்ரல், மே சீசன் முடிந்து கணக்கெழுத உட்காரும்போது காட்டேஜ்காரர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பெயிண்ட் அடிச்ச செலவைக் கழிக்கலாமா?" என்பதுதான். கழிக்கலாம் என்பதும் சரியான பதில், கழிக்க முடியாது என்பதும் சரியான பதில். அந்த வீட்டை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிந்தால்தான் எது உங்களுக்கான பதில் என்று சொல்ல முடியும். ஒரே தெருவில், ஒரே அளவில், ஒரே வருமானத்தில் இரண்டு வீடுகள் இருக்கலாம். ஒருவருக்குப் பெயிண்ட் முதல் கேஸ் சிலிண்டர் வரை எல்லாம் கழியும். அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு ஆணிகூடக் கழியாது. ஆனால் அவருக்கு ரசீதே காட்டாமல் 30 சதவீதம் கழிந்துவிடும்.

காரணம், வீட்டிலிருந்து வரும் பணத்தைச் சட்டம் பெரும்பாலும் இரண்டு தலைப்புகளில் பார்க்கிறது. ஒன்று 'வீட்டுச் சொத்து வருமானம்', மற்றொன்று 'தொழில் வருமானம்'. கழிவுகள் தலைப்போடு ஒட்டிக்கொண்டு வருபவை. இதில் ரெண்டு, அதில் ரெண்டு என்று பொறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது.

2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. இங்கே பேசப்போகும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. பலருக்குப் பழகிப்போனவை என்பதால் பழைய எண்களையே சொல்கிறேன்.

எந்தத் தலைப்பு?

2024ஆம் ஆண்டு ஜூலை பட்ஜெட்டில், எது தொழில் வருமானம் என்று சொல்லும் பிரிவு 28இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது, வீட்டுச் சொத்து வருமானமாகத்தான் காட்ட வேண்டும் என்கிறது அது. 2024-25 நிதியாண்டு வருமானத்திலிருந்தே இது பொருந்தும். வாடகை வீட்டைத் தொழில் என்று காட்டி, செலவுகளை அள்ளி எழுதியவர்களுக்குப் போட்ட கடிவாளம் இது.

அப்படியானால் நாள் வாடகைக்கு விடும் காட்டேஜும் இதில் அடங்கிவிடுமா? விருந்தினர் வருகிறார், இரண்டு இரவு தங்குகிறார். நீங்கள் படுக்கை விரிப்பு மாற்றுகிறீர்கள், காலையில் இட்லியோ பிரெட் ஆம்லெட்டோ தருகிறீர்கள், வெந்நீர், வைஃபை, கேம்ப்ஃபயர் ஏற்பாடு, ஆள் வைத்துத் துப்புரவு எல்லாம் உண்டு. அங்கே வீடு அவர் கைக்குப் போகவில்லை, தங்கும் அனுமதிதான் போகிறது. லாட்ஜ் நடத்துவதற்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் இல்லை. ஆகவே தொழில் வருமானம் என்று காட்டுவதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. நாயுடுபுரத்திலோ அட்டுவம்பட்டியிலோ வீட்டைச் சாவியோடு ஒரு ஐடி பையனுக்கு ஆறு மாதத்துக்கு விட்டு, மாதாமாதம் வாடகை வாங்கினால் அது சந்தேகமில்லாமல் வீட்டுச் சொத்து வருமானம்.

இடையில் ஒரு சாம்பல் நிறப் பகுதி உண்டு. பங்களா முழுவதையும் ஆன்லைனில் போட்டு, பூட்டின் எண்ணை அனுப்பிவிட்டு, சாப்பாடு, துப்புரவு எதுவும் தராமல் விடுபவர்கள். சேவையே இல்லாதபோது தொழில் என்று வாதாடுவது கடினம். நானாக இருந்தால் வீட்டுச் சொத்து என்றே காட்டுவேன். எதைக் காட்டினாலும் ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். தலைப்பு தாவுவது கேள்வியைத் தானே வரவழைக்கும்.

ஆளிடம் லீஸுக்கு விட்டிருந்தால்

மலையில் பலர் காட்டேஜைத் தாங்களே நடத்துவதில்லை. உரிமையாளர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். உள்ளூர்க்காரர் ஒருவர் வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து நடத்துவார். உரிமையாளருக்கு வருவது வீட்டுச் சொத்து வருமானம். எடுத்து நடத்துபவருக்கு அது தொழில், அவர் கொடுக்கும் லீஸ் தொகை அவருடைய செலவு.

உரிமையாளரின் கணக்கு இப்படிப் போகும். ஆண்டு லீஸ் 6,00,000 ரூபாய் என்று வையுங்கள். நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அந்த ஆண்டில் கட்டிய வீட்டு வரி 12,000. மிச்சம் 5,88,000. அதில் 30 சதவீதம், அதாவது 1,76,400 ரூபாய், எந்த ரசீதும் இல்லாமல் கழியும். மிச்சம் 4,11,600. வீடு வாங்கவோ கட்டவோ பழுது பார்க்கவோ வாங்கிய கடனுக்கு வட்டி 1,50,000 இருந்தால் அதுவும் கழியும். வரிக்கு உட்படும் வருமானம் 2,61,600.

கவனிக்க வேண்டியவை சில. வீட்டு வரி கட்டியிருந்தால்தான் கழியும், நிலுவையில் இருந்தால் கழியாது. லீஸ்காரர் கட்டினால் உங்களுக்குக் கழிவு இல்லை. அந்த 30 சதவீதம்தான் பழுது, பெயிண்ட், காவலாள், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஐப்பசி மழையில் கூரை ஷீட் பறந்து 3 லட்சம் செலவானாலும் கூடுதலாக ஒரு ரூபாய் கழியாது. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத ஆண்டிலும் 30 சதவீதம் குறையாது. பழைய கல் பங்களா வைத்திருப்பவருக்கு இது நட்டம், புதிதாகக் கட்டியவருக்கு லாபம்.

வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை, புதிய வரி முறையிலும் (விகிதமும் கழிவுகளும் குறைவான முறை, புதிய சட்டம் அல்ல) அது கழியும். ஆனால் வட்டி வாடகையைத் தாண்டி நட்டம் வந்தால், புதிய முறையில் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம், மிச்சத்தை அடுத்த 8 ஆண்டுகள் வரை கொண்டு போகலாம்.

கட்டில், சோபா, டிவி, கீசர் எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்கு, பிரிக்க முடியாதபடி லீஸ் பேசியிருந்தால் அது 'இதர வருமானம்' என்ற மூன்றாவது தலைப்புக்குப் போய்விடக்கூடும். அங்கே 30 சதவீதக் கழிவு கிடையாது, பழுதுச் செலவு, இன்சூரன்ஸ், தேய்மானம் (கட்டடமும் சாமானும் ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பு) போன்றவைதான். அதனால் பத்திரத்தில் வீட்டுக்கு இவ்வளவு, சாமான்களுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுவது நல்லது. எழுதுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லீஸ் மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். அவர் தணிக்கைக்கு உட்படாத தனிநபர் என்றால் 2 சதவீதம், மற்றவர்கள் 10 சதவீதம்.

நீங்களே நடத்தினால்

இங்கேதான் பட்டியல் நீளும். கேர்டேக்கர் சம்பளம், துணி வெளுப்பு, மளிகை, கேஸ், விறகு, கரண்ட் பில், இன்டர்நெட், கோடையில் வாங்கும் தண்ணி லாரி, இன்சூரன்ஸ், வீட்டு வரி, உரிமக் கட்டணம், ஆன்லைன் தளங்களின் கமிஷன், கடன் வட்டி, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் கழியும். பெயிண்டும் கழியும்.

பழுதுக்கும் புதுக் கட்டுமானத்துக்கும் நடுவே கோடு போடுவதுதான் மலையில் பெரிய தகராறு. கூரையில் நாலு ஷீட் மாற்றுவது, பாசி பிடித்த சுவரைச் சுரண்டிப் பூசுவது, உடைந்த குழாயை மாற்றுவது எல்லாம் பழுது. அந்த ஆண்டே முழுவதும் கழியும். பின்பக்கம் மண் சரிந்து இடிந்த தடுப்புச் சுவரை முன்பிருந்த அளவுக்கே மறுபடி எழுப்பினால் பழுது என்று சொல்லலாம். இதுவரை சுவரே இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டினால் அது மூலதனச் செலவு. மொட்டை மாடியில் இன்னொரு அறை எழுப்பினாலும் அப்படித்தான். மூலதனச் செலவு மொத்தமாகக் கழியாது, தேய்மானமாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

தேய்மான விகிதங்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முக்கியமாகக் குடியிருப்புக்குப் பயன்படும் கட்டடத்துக்கு 5 சதவீதம். ஆனால் ஹோட்டலும் தங்கும் விடுதியும் அந்த வகையில் சேராது, அவற்றுக்கு 10 சதவீதம். கட்டில், மேசை, அலமாரிக்கு 10, கீசர், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் போன்ற இயந்திரங்களுக்கு 15. நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. கொடைக்கானலில் பத்திர விலையில் பெரும்பங்கு நிலத்துடையது. ஆகவே நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்து மதிப்பிடாமல் மொத்த விலைக்கும் தேய்மானம் போடுவது தவறு.

வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான். இங்கே பலர் சீசனுக்கு முன்னால், மார்ச் மாதத்தில்தான் கட்டிலும் மெத்தையும் வாங்குகிறார்கள். அதையே செப்டம்பரில் வாங்கி அறையில் போட்டிருந்தால் அந்த ஆண்டே முழுத் தேய்மானம் கிடைக்கும். பூஜை விடுமுறைக் கூட்டத்துக்கும் உதவும்.

ரொக்க விவகாரம்தான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. ஒரு நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு அப்படியே நிராகரிக்கப்படும். கேர்டேக்கருக்கு மாதம் 12,000 ரூபாயை ரொக்கமாகக் கையில் கொடுத்தால் 12,000மும் போச்சு, 2,000 மட்டும் அல்ல. ஜிபேயில் போட்டுவிடுங்கள். 10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்து வாங்கிய சாமானுக்குத் தேய்மானமும் கிடைக்காது.

ஆட்களைக் கூட்டிவரும் டாக்ஸி டிரைவர், கைடு, பஸ் ஸ்டாண்ட் புரோக்கர் ஆகியோருக்குக் கொடுக்கும் கமிஷன் உண்மையான தொழில் செலவுதான். ஆனால் கையில் திணித்த ஐநூறு ரூபாய்க்கு எந்த ஆதாரமும் இருப்பதில்லை. ஒரு வவுச்சர் புத்தகம் வைத்து பெயர், வண்டி எண், தொகை, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அபராதங்கள் கழியாது. பிளாஸ்டிக் தடையை மீறியதற்கோ கட்டட விதிமீறலுக்கோ கட்டிய அபராதத்தைச் செலவில் எழுத முடியாது. மாமூலுக்கு ரசீதும் கிடையாது, கழிவும் கிடையாது.

உரிமம் இல்லாமல் நடத்தும் காட்டேஜ் என்றால் வரியே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வருமான வரித்துறைக்கு வந்த பணம் வந்த பணம்தான். உரிமம் வேறு அலுவலகத்தின் கேள்வி.

கீழே குடும்பம், மேலே இரண்டு அறை விருந்தினருக்கு என்று இருந்தால் விருந்தினர் பகுதிக்கு உரிய பங்கு மட்டுமே கழியும். கட்டடத்தைச் சதுர அடியில் பிரியுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் பிரச்சினையே இல்லை. மளிகைதான் சிக்கல். வீட்டுச் சாமானும் விருந்தினர் சாமானும் ஒரே பில்லில் வந்தால் அந்த பில் இரண்டுக்கும் உதவாது.

ஒரு கணக்கு

ஆண்டு வசூல் 14,00,000 ரூபாய். தளங்களின் கமிஷன் 1,20,000, கேர்டேக்கர் 1,80,000, துப்புரவு ஆள் 96,000, கரண்ட் 72,000, மளிகையும் கேஸும் 1,60,000, துணி வெளுப்பு 60,000, பழுதும் பெயிண்டும் 90,000, கடன் வட்டி 1,50,000. கூட்டினால் 9,28,000. கட்டடத்தின் மதிப்பு 20 லட்சம் என்றால் தேய்மானம் 2,00,000, மரச்சாமான் 3 லட்சத்துக்கு 30,000, கருவிகள் 2 லட்சத்துக்கு 30,000. மொத்தச் செலவு 11,88,000. லாபம் 2,12,000.

வட்டி 1,50,000க்குப் பதில் 4,50,000 என்றிருந்தால் 88,000 நட்டம் வரும். சம்பளக்காரர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். தொழில் நட்டத்தை எந்த வரி முறையிலும் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் 8 ஆண்டுகள் வரை பிற்காலத் தொழில் லாபத்தில் கழிக்கலாம், தேய்மானத்தால் வந்த பங்குக்கு இந்த 8 ஆண்டு வரம்பு இல்லை. தொழில் தலைப்பில் காட்டும் வீட்டின் கடன் அசலுக்கு, பழைய முறையில் சேமிப்புகளுக்குக் கிடைக்கும் 80சி கழிவும் கிடையாது.

கணக்கெழுத விருப்பமில்லாதவர்களுக்கு

பிரிவு 44ஏடி இருக்கிறது. ஆண்டு வசூல் 2 கோடிக்குள், ரொக்கம் 5 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் 3 கோடிக்குள் இருக்கும் தனிநபர்கள் செலவுக் கணக்கே காட்ட வேண்டாம். ரொக்க வசூலில் 8 சதவீதம், வங்கி, யூபிஐ வழி வசூலில் 6 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்ளப்படும். மேலே சொன்ன 14 லட்சத்தில் 10 லட்சம் வங்கி வழியாகவும் 4 லட்சம் ரொக்கமாகவும் வந்திருந்தால் 60,000மும் 32,000மும் சேர்ந்து 92,000.

இது குறைந்தபட்ச அளவு. கூடுதலாக மிஞ்சியிருந்தால் கூடுதலாகவே காட்டலாம். கணக்கில் 92,000 காட்டிவிட்டு அதே ஆண்டு 15 லட்சத்துக்குக் கார் வாங்கினால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போதும் மேனேஜர் இந்தத் தொகையைத்தான் பார்ப்பார். இந்த வழியில் போனால் வட்டி உட்பட வேறு எந்தச் செலவும் கழியாது. தேய்மானமும் கழிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒருமுறை உள்ளே வந்துவிட்டு அடுத்த ஐந்தாண்டுக்குள் இதைவிடக் குறைவாக லாபம் காட்டி வெளியேறினால், அதன்பின் ஐந்தாண்டுகள் திரும்பி வர முடியாது, வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் வேண்டியிருக்கும்.

உண்மையில் ஒரே காட்டேஜ், வேறு பெரிய வருமானம் இல்லை என்பவர் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி கிடையாது. 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் போட்டாக வேண்டும். வெளியூரில் நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு இங்கே காட்டேஜ் வைத்திருப்பவருக்குத்தான் இந்தக் கழிவுகள் பணமாக மாறும். பழைய முறை லாபம் என்று நினைத்தால் தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ படிவம் கொடுத்து மாற வேண்டும். பிறகு புதிய முறைக்குத் திரும்பினால் மறுபடி பழையதற்குப் போக முடியாது.

ஆன்லைன் புக்கிங்

மேக்மைட்ரிப், ஏர்பிஎன்பி போன்ற தளம் வழியாக விருந்தினர் 4,000 ரூபாய் கட்டுகிறார், தளம் 600 எடுத்துக்கொண்டு 3,400 அனுப்புகிறது என்று வையுங்கள். உங்கள் வசூல் 4,000. 600 செலவு. வங்கிக்கு வந்த 3,400ஐ மட்டும் காட்டுபவர்கள் பலர். பிரிவு 194-ஓ படி மொத்தத் தொகையில்தான் தளம் டிடிஎஸ் பிடிக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அந்த விகிதம் 0.1 சதவீதம். பான் கொடுத்த தனிநபருக்கு ஆண்டில் 5 லட்சம் வரை பிடித்தம் இல்லை, பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம். பிடித்தம் சிறியதுதான். ஆனால் மொத்த வசூல், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகிவிடும், உங்கள் கணக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஜிஎஸ்டியில் ஆண்டு வசூல் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பதிவு செய்யாதவரின் ஆன்லைன் புக்கிங்குக்கு வரியைத் தளமே கட்டிவிடும். பதிவு செய்தவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு (நீங்கள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல். வாங்கும்போது கட்டி, வரவு எடுக்க முடியாமல் போன ஜிஎஸ்டியை வருமான வரிக் கணக்கில் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்டேட் வீடும் சொந்த விடுமுறையும்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துக்குள்ளும், நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் அதையும் விவசாய வருமானத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. தோட்டத்துக் கட்டடமாகவே இருந்தாலும், விவசாயம் தவிர்த்த பயன்பாட்டிலிருந்து, குடியிருக்க வாடகைக்கு விட்டாலும்கூட, வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. காபிச் செடிக்கு வாங்கிய உரத்தைக் காட்டேஜ் செலவில் எழுதுவதும் அதேபோலத் தவறு.

மே மாதம் முழுக்கக் குடும்பத்தோடு தங்கிவிட்டு மற்ற மாதங்களில் வாடகைக்கு விடுபவர், வீட்டுச் சொத்துத் தலைப்பில் அதைச் 'சொந்தக் குடியிருப்பு' என்று காட்ட முடியாது. ஆண்டில் கொஞ்ச காலம் வாடகைக்கு விட்டாலே அது வாடகை வீடுதான். ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த மாதங்களுக்குக் குறைந்த வாடகையே ஏற்கப்படும். தொழில் தலைப்பில் என்றால் சொந்தமாகத் தங்கிய நாட்களுக்கு உரிய பங்கைச் செலவிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

முன்வரியும் விற்பனையும்

ஓய்வு பெற்றபின் மலையில் குடியேறியவர்களுக்கு ஒரு வித்தியாசம். 60 வயதைக் கடந்து, பென்ஷனும் வீட்டு வாடகையும் மட்டும் இருந்தால் முன்வரி (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்டத் தேவையில்லை. ஹோம்ஸ்டேயைத் தொழில் வருமானமாகக் காட்டத் தொடங்கினால் அந்தச் சலுகை போய்விடும். ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் முன்வரி கட்ட வேண்டும். 44ஏடியில் இருப்பவர் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிகள்.

வீட்டை விற்கும் எண்ணம் இருப்பவர் இதை இப்போதே யோசிக்க வேண்டும். கட்டடத்துக்குத் தேய்மானம் எடுத்திருந்தால், எத்தனை ஆண்டு கழித்து விற்றாலும் கட்டடத்தின் பங்குக்கு வரும் ஆதாயம் குறுகிய கால ஆதாயமாகவே கணக்கிடப்படும். வீடு விற்ற ஆதாயத்தில் இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கும் பிரிவு 54 விலக்கும், வீட்டுச் சொத்துத் தலைப்பில் வருமானம் வரும் குடியிருப்பு வீட்டுக்குத்தான். தேய்மானம் வேண்டாம் என்று விட்டுவைத்தாலும் தப்ப முடியாது. தொழில் கணக்கில் அது கட்டாயம், எடுக்காவிட்டாலும் எடுத்ததாகவே கருதப்படும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டில் விற்கப்போகிற வீடு என்றால், அதை நாள் வாடகைக்கு நடத்தத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.